கணக்கு டீச்சர் சலங்கை கட்டினாள்

இந்தக் கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். தேவராட்டம் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆசிரியர் அறையில் நான் வாயைத் திறந்ததும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இப்போது உங்களைப் பிடித்துக்கொள்கிறேன்.

நான் கோவில்பட்டி வட்டாரத்துக்காரி. இங்கேயே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் காலில் சலங்கை ஏறியது. அதற்கு முன்னால் நான் ஆடியது என்று சொன்னால் சின்ன வயதில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்ததுதான். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்று நின்று, சாயங்காலம் வீங்கிய காலை நாற்காலியில் தூக்கிவைத்துக்கொள்ளும் சராசரி டீச்சர் நான். அந்தக் கால்தான் இப்போது உட்கார்ந்து எழுந்து, சுழன்று, தாவி, மறுபடி உட்கார்கிறது. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவ்வளவு சந்தோஷம்!

2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா ஆரம்பித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எங்கள் பள்ளியிலும் கிராமிய நடனத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலை வந்தது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் சாயங்காலங்களில் வந்து தேவராட்டம் சொல்லிக்கொடுத்தார். ஒரு டீச்சர் கூட இருக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். வாத்தியார் ஒருநாள் திரும்பிப் பார்த்து, “டீச்சர், சும்மா உக்காந்து பாக்குறதுக்குக் கடைசில வந்து நில்லுங்களேன். பிள்ளைகளுக்கும் கூச்சம் போகும்” என்றார். போய் நின்றேன். விடைத்தாள்களை அன்றைக்குத் திருத்தவில்லை.

அந்தக் கடைசி இடம் இருக்கிறதே, தேவராட்டத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் முன்னால் ஒருவர் நின்று ஆடுவார். அவர் ஓர் அடவைப் பிடித்ததும் பின்னால் நிற்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அவர் மாற்றினால் வரிசை மாறும். யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பாட்டும் கிடையாது. தேவதுந்துபி மட்டும்தான். உறுமிக்கு உறவுக்கார வாத்தியம் அது. முதலாமவரின் கால் மாறிய கணத்தில் அடியும் மாறும். அந்த மாற்றம் வரிசை வழியே ஆள்மாறி ஆள்மாறிப் பின்னால் ஓடிவரும். வாலில் நிற்கிறவளுக்கு அது வந்து சேரக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. முன்னால் நிற்கிற ஆளின் முதுகையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். கற்றுக்கொள்ள வருகிறவளுக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! பயிற்சி தனி, ஆட்டம் தனி என்ற பேச்சே இல்லை. கண்ணாடி பதித்த சுவர் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், குளிர்சாதன அறை வேண்டாம்.

எத்தனை அடவு என்று கேட்டால் ஆசிரியருக்கு ஆசிரியர் கணக்கு மாறும். பதினெட்டு என்பவர் உண்டு, முப்பத்திரண்டு என்பவர் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்துக்கொண்டே போவதால் எங்கே பிரித்து எண்ணுவது என்பதிலேயே தகராறு இருக்கிறது. நான் கணக்கு டீச்சர் இல்லையா, வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட நோட்டை எடுத்து ஒவ்வோர் அடவையும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். குறுக்கே தாளத்தின் எண்ணிக்கை, நெடுக்கே வலதுகால், இடதுகால், வலதுகை, இடதுகை. எந்தக் கட்டத்தில் எது அசைகிறதோ அங்கே ஒரு புள்ளி. பிள்ளைகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மிஸ், இதுக்கும் பரீட்சை வைப்பீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் காய்ச்சலில் படுத்து எழுந்துவந்த ஒரு பையன் விட்டுப்போன அடவுகளை அந்த நோட்டைப் பார்த்தே பிடித்துவிட்டான். இப்போது நோட்டு என்னிடம் இருப்பதைவிட அவர்களிடம் இருப்பதுதான் அதிகம். வாத்தியாரும் ஒருநாள் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “எங்க தாத்தா பாத்திருந்தா பயந்திருப்பாரு” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கால் பிடிபட்டுவிடும். கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு கையிலும் கைக்குட்டை. நுனியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வீச வேண்டும். தோளிலிருந்து வீசினால் ஈ விரட்டுகிற மாதிரி இருக்கும். மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். சரியாக வந்தால் துணி காற்றில் ஒரு சொடுக்குப் போடும். அத்தனை பேர் துணியும் ஒரே நேரத்தில் சொடுக்கும்போது கேட்டுப்பாருங்கள், அதற்காகவே கற்றுக்கொள்ளலாம். ஆனால் கால் ஒரு பக்கம் போகையில் கை இன்னொரு பக்கம் போக வேண்டும். அதே நேரத்தில் முழங்கால் மடிந்திருக்க வேண்டும். மடிந்த முழங்காலோடுதான் இந்த ஆட்டத்தின் பாதி நடக்கிறது. முதல் வாரங்களில் கெண்டைக்கால் கட்டையாகிப் பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றினேன். பிறகு கால் பழகிவிட்டது. இன்றைக்கு ஐந்து பிரிவேளை தொடர்ந்து நின்றாலும் கால் வீங்குவதில்லை. எனக்குத் தெரிந்த எந்த மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை.

அப்புறம் சலங்கை. ஐயோ, சலங்கையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். கட்டியதும் கால் கனக்கும். நடந்தாலே ஊருக்குத் தெரியும். வரிசையில் எல்லாரும் ஒன்றாக மிதிக்கும்போது ஒரே சத்தம் எழும். ஒருவர் அரை நொடி பிந்தினால் அந்த ஒருவரின் சலங்கை மட்டும் தனியாகக் கேட்கும். ஏய்க்கவே முடியாது. வகுப்பில் பின்பெஞ்சில் ஒளிந்துகொள்கிற பையன்கூட இங்கே ஒளிய முடியாது. அதனாலேயே எல்லாருடைய காதும் கூர்மையாகிறது. நம் காலோசை மற்றவர் காலோசையில் கரைந்து காணாமல் போகிற நேரம் ஒன்று வரும். அது வந்துவிட்டால் ஆட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுகத்தை ருசித்த பிறகு வெறும் நடைப்பயிற்சி எனக்குப் பிடிக்கவில்லை.

அடி மெல்ல ஆரம்பிக்கும். முதலில் கும்பிடு. சாமிக்கும் மண்ணுக்கும் எதிரே நிற்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம். அதற்குப் பிறகு தாளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏறுவது தெரியாது. மூச்சு வாங்கும்போதுதான் ‘அட, எங்கேயோ வந்துவிட்டோமே’ என்று உறைக்கும். தேவதுந்துபிக்காரர் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுகிறார். பிள்ளைகள் தாக்குப்பிடித்தால் ஏற்றுவார். எனக்கு மூச்சிரைத்தால் ஒரு சுற்று தள்ளிப்போடுவார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மேடையில் எல்லாரும் ஆடுகிறவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். சால்வை போடுகிறவர்களும் அவர்களுக்கே போடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் சால்வை அடிக்கிறவருக்குத்தான் போக வேண்டும்.

இடமும் சும்மா இல்லை. கரிசல் மண்ணில் நினைத்த நாளில் ஆட முடியாது. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மைதானத்தில் காலை வைக்கவே வேண்டாம். அப்பிக்கொண்ட மண்ணோடு கால் இரண்டு மடங்கு கனக்கும். சலங்கை மணியெல்லாம் சேற்றில் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் பள்ளி வராந்தாதான் கதி. பங்குனி சித்திரையில் அதே மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கட்டைவிரல் மாட்டாமல் ஆட வேண்டும். மிதித்து மிதித்து இறுகிப்போன ஒரு பகுதியை நாங்கள் களமாக வைத்திருக்கிறோம். பயிற்சிக்கு முன்னால் எல்லாருமாகக் குனிந்து சீமைக்கருவேல முள் பொறுக்குவோம். அதுவே பாதிப் பயிற்சி. முடிந்ததும் பிள்ளைகள் கடலை மிட்டாயை உடைத்துப் பங்குபோடுவார்கள். 2020இல் எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். வேர்த்து விறுவிறுத்த உடம்போடு, சலங்கையை அவிழ்க்காமல் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழு ருசியும் தெரியும்.

இந்த ஆட்டம் யாருடையது என்பதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. இது ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் ஆட்டம். தெலுங்கு பேசும் மக்கள். கல்யாணம், சடங்கு, சாவு, கோயில் கொடை எதுவானாலும் அவர்கள் வீட்டு ஆண்கள் தேவராட்டம் ஆடுவார்கள். பெண்களுக்குக் கும்மி. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். 1799 அக்டோபர் 16ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறு, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில்தான் இருக்கிறது. அங்கே நிற்கும் சிலையை வைத்தவர் சிவாஜி கணேசன். நமக்கெல்லாம் கட்டபொம்மன் என்றால் 1959இல் வந்த படத்தின் வசனம்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் அந்த வசனத்தைச் சொல்லத் தெரியாத பள்ளிப் பையன் கிடையாது. அவருடைய சனங்கள் ஆடும் ஆட்டத்தின் ஓர் அடவாவது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பக்கத்து ஊரில் பிறந்த எனக்கே நாற்பது வயது வரை தெரியாது. விசேஷ வீடுகளிலிருந்து ராத்திரி கேட்கும் அடியைப் ‘பக்கத்து ஊர்ல கொட்டு’ என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்திருக்கிறேன்.

தொல்காப்பியத்தில் வரும் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவையின் தொடர்ச்சி இது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வென்று திரும்பும் அரசனின் தேருக்கு முன்னும் பின்னும் வீரர்கள் ஆடிய ஆட்டமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. தெலுங்குச் சீமையிலிருந்து வந்த மக்கள் தங்களோடு வைத்துக் காப்பாற்றிய ஆட்டத்துக்கு நாம் ஏன் இன்னொரு பூர்வீகம் தேடிக் கட்ட வேண்டும்? வந்த மக்கள், வறண்ட மண், இரண்டும் சேர்ந்து இத்தனை அழகான ஒன்றை வைத்திருக்கின்றன. அது போதாதா? முத்துசாமி தீட்சிதர் 1835இல் காலமான எட்டயபுரமும் இதே மண்தான், விளாத்திகுளம் சுவாமிகள் ராகத்தை மணிக்கணக்கில் இழைத்ததும் இதே மண்தான். கரிசலில் கலை விளையாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

எட்டயபுரம் வட்டாரத்து ஜமீன் கோடாங்கிபட்டிதான் இன்றைக்கும் தேவராட்டத்தின் தாய்வீடு. ஊர்க் கோயிலோடும் விசேஷ வீடுகளோடும் நின்றிருந்த ஆட்டத்தைக் கோடாங்கிபட்டிக் குமாரராமன் போன்ற ஆசான்கள் வெளியே கொண்டுவந்து, பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சாதி பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். 2007இல் சென்னை சங்கமம் தொடங்கிய பிறகு பட்டணத்து ஜனங்களும் பூங்காவில் நின்று கிராமியக் கலைகளைப் பார்த்தார்கள். இன்று கல்லூரி மேடைகளில் பெண்களும் வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டி, தலைப்பாகை வைத்து ஆடுகிறார்கள். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. வேறு வீட்டுச் சொத்து இல்லையா? வாத்தியாரிடமே கேட்டேன். “சாமி முன்னால ஆடுறது எங்க ஆட்டம் டீச்சர். அங்க எங்க முறைதான். பள்ளிக்கூடத்துல ஆடுறது எல்லாருக்கும் பொது. நாலு பேரு ஆடுனாத்தான அஞ்சாவது ஆளுக்குத் தெரியும்” என்றார். அவர் போட்ட அந்தக் கோட்டை நான் மதிக்கிறேன். கோயில் ஆட்டத்துக்குப் போனால் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, செருப்புக்குள்ளேயே மிதித்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். என் மாமியார் வாசல் தெளித்துக்கொண்டே, “ஆம்பளைக ஆட்டத்த நீ என்னத்துக்கு ஆடுறன்னு எவளும் கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன். சலங்கையை மட்டும் கண்ட எடத்துல போடாத, சாமி ரூம்ல வையி” என்று சொல்லி முடித்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் என் வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் ராத்திரிக்கு அவரே தோசை ஊற்றுகிறார்.

என் தம்பி மகள் பெங்களூரில் சால்சா வகுப்புக்குப் போகிறாள். லீவுக்கு வந்தபோது அடுக்களையில் வைத்து எனக்கு நாலு அடி சொல்லிக்கொடுத்தாள். எட்டு எண்ணிக்கை, அதில் நாலிலும் எட்டிலும் கால் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் இடுப்பு பேசுகிறது. அருமையான ஆட்டம், குறைசொல்ல மாட்டேன். கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் பிழைக்க வந்த சனங்கள் நியூயார்க்கில் வளர்த்தெடுத்த இசை அது. 1964இல் அங்கே தொடங்கிய ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் சால்சா என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. அவர்களும் வந்த இடத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள்தான். அதனால் அவள் ஆடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. ஆனால் சால்சாவுக்கு ஜோடி வேண்டும். ஒருவர் இழுக்க ஒருவர் போக வேண்டும். “அத்தை, மாமாவைக் கூப்பிடுங்க” என்றாள். மாமா அதற்குள் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். தேவராட்டத்துக்கு ஜோடி தேடி அலைய வேண்டாம். வரிசை இருக்கிறது. மறுநாள் அவளைக் கூட்டிப்போய் வாலில், எனக்கும் பின்னால் நிறுத்தினேன். சால்சா பழகிய கால் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. முழங்காலை மடிக்கச் சொன்னபோதுதான் “ஐயோ அத்தை!” என்றாள். முதன்முறையாக எனக்குப் பின்னால் ஒருத்தி நின்று என் குதிகாலைப் பார்த்து ஆடினாள். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு பொறாமை உண்டு. கொங்கு நாட்டுக்காரர்கள் மேல்தான். அங்கே வள்ளி கும்மி இன்று ஊர் ஊராகப் பற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே வட்டத்தில் அரங்கேற்றம் செய்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் வந்து கற்றுக்கொள்கிறார்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்களை அந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அங்கே முடிந்தது கரிசலில் ஏன் முடியாது? நம்மிடம் தேவராட்டம் இருக்கிறது, ஒயிலாட்டம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆசான்கள் இருக்கிறார்கள். மைதானத்துக்குப் பஞ்சமே இல்லை, மழை பெய்தால்தான் பிரச்சினை. அதுவும் இங்கே எத்தனை நாள் பெய்துவிடப் போகிறது?

பெரியவர்களுக்கு என்று தனி வகுப்பு வேண்டும் என்று நான் எல்லாரிடமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி இருக்கிறது, பரிசு இருக்கிறது. முப்பது வயதுக்கு மேலே ஆனவர்களுக்கு என்ன இருக்கிறது? டிவி, செல்போன், சர்க்கரை மாத்திரை. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் டீச்சர்கள் சேர்ந்து ஒரு வரிசை ஆடினோம். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனவர்களில் இரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தார்கள்! மேடையில் பலகை அதிர்ந்தது. பெற்றோர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பிள்ளைகள் எங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள், பத்துக்கு ஏழு. ‘முழங்கால் போதவில்லை’ என்று குறிப்பு வேறு.

மே மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா நடக்கும். ஊர் ஊராக ஜோதி ஏந்தி இளைஞர்கள் ஓடிவருவார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், வழிவழியாக ஆடிவருகிறவர்களின் காலைப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பள்ளியில் யாராவது தேவராட்டம் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் கூச்சப்படாமல் போய் வாலில் நில்லுங்கள். வயது, எடை, முன்அனுபவம் எதையும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். கையில் இரண்டு கைக்குட்டை இருக்கட்டும். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் எங்கள் மைதானத்துக்கே வரலாம், கொஞ்சம் முன்னதாக வந்தால் முள் பொறுக்க ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.